இன்செஸன்ட்

எங்கள் இரும்புலியூர் குடியிருப்பில் யாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டு அழைப்பு மணிதான் அடிக்கும். பள்ளிக்கூட விடுப்பு, பில்டருக்குத் திட்டு, எல்லாம் என் மனைவி ஜோசலினின் கைவண்ணம். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறாள். தன் ஆங்கிலத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையில் கால்வாசி அவளுக்கு என்மேல் இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

போன வாரம் சங்கச் செயலாளர் வேதாசலம் வந்தார். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் காந்திமதி மாவு அரைத்து விற்கிறாள், கிரைண்டர் சத்தம் தாங்கவில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வேண்டும் என்றார். அந்தச் சத்தம் எங்கள் தலைக்கு மேல்தான். ஜோசலின் ஒரே மூச்சில் எழுதினாள். ‘இன்செஸன்ட் நாய்ஸ்’ என்று போட்டுவிட்டு, “இந்த எடத்துல வேற எந்த வார்த்தையும் நிக்காது, பாருங்க” என்றாள். வேதாசலத்துக்குப் பொருள் புரியவில்லை. கனமாக இருக்கிறது, அது போதும் என்று வாங்கிப்போனார்.

இன்று காலை மணி அடித்தது. காந்திமதி, கையில் அதே நோட்டீஸ்.

“டீச்சர், இத்த படிச்சுச் சொல்லுங்க. அப்டியே பதிலும் எழுதிக் குடுங்க.”

நான் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஜோசலின் அசரவில்லை. உட்காரவைத்து வரி வரியாகத் தமிழில் சொன்னாள்.

“இன்செஸன்ட்னா இன்னா டீச்சர்?”

“ஓயாம, நடுவுல நிறுத்தாமன்னு அர்த்தம். மழைக்குச் சொல்வோம், இருமலுக்குச் சொல்வோம். கேக்கறவங்களுக்கு எரிச்சலா இருந்தாத்தான் இந்த வார்த்தை. தாலாட்டுக்குச் சொல்ல மாட்டோம்.”

காந்திமதி யோசித்தாள். “எரிச்சல்னா கரெக்ட்டு. எனக்கே தல வலிக்கும். ஆனா ஓயாமன்னு எப்டி? விடிஞ்சதும் போடறேன், பசங்க ஸ்கூலுக்குக் கெளம்பறதுக்குள்ள கழுவி வெச்சுடறேன். அப்பால நாள் பூரா சும்மாதான கீது?”

ஜோசலின் நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்து, தான் எழுதிய வரியை மறுபடி படித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத காட்சி.

“எழுதுனவங்க ஒருவாட்டி மேல வந்து கேட்டிருக்கலாம்ல? இந்த வூட்ட வுட்டா நான் எங்க போவேன்?”

“நான்தான் எழுதினேன்” என்றாள் ஜோசலின்.

காந்திமதி எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“அப்போ பதிலயும் நீங்களே எழுதுங்க. இதே மாதிரி கனமா ஒரு வார்த்த எனக்கும் போடுங்க.”

ஜோசலின் பேனா மூடியைக் கழற்றினாள். முனை வெகுநேரம் தாளுக்கு மேலேயே நின்றது. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல், உளுந்து மாவு காய்ந்த விரல் ஒன்று அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது.