பாத்ரூம் எங்க இருக்குது?

பாத்திரக்கடையின் மேல்மாடியில் மெர்லின் பித்தளை அண்டாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்திரை வெயில் தகரக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்த ஆள் அதை மூலையில் இறக்கிவிட்டுப் போனான். அங்கே வேலை செய்த பெண்களில் ஒருத்தியும் கேன் பக்கம் போகவில்லை.

குடித்தால் போக வேண்டும். போக இடமில்லை. ஆண்கள் பின்னாலிருந்த காலிமனைச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். பெண்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க வேண்டும். திரும்பி வந்து படியேறும்போது கல்லாவிலிருந்து முதலாளியின் குரல் வரும். "இப்பத்தான போன?" அதைக் கேட்பதற்குப் பதிலாக அவர்கள் நாக்கு வறண்டே இருந்தார்கள். தன் ஊரான எலவனாசூர்கோட்டையில் காலை பஸ் ஏறும் முன் போனால், மெர்லினுக்கு மறுபடி இருட்டிய பிறகு வீட்டில்தான்.

நீர்க்கடுப்பு அவளுக்குப் பழகிப்போனதுதான். ஆனால் அன்று அண்டாவைத் தூக்கும்போது இடுப்புக்கு மேலே முதுகில் கத்தியால் செருகியதுபோல் வலித்தது. சாயங்காலம் குளிர்காய்ச்சல். சிறுநீரில் ரத்தம் கண்டதும் புருஷன் டென்னிஸ் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"கிட்னி வரைக்கும் போயிடுச்சு. தண்ணியே குடிக்க மாட்டியா?" என்றார் டாக்டரம்மா.

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

உடம்பு தேறி அவள் வேலைக்குப் போனபோது அவளுடைய இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தாள். "கோவமெல்லாம் இல்லம்மா. யாவாரம் நிக்கக் கூடாதில்ல?" என்றார் முதலாளி.

டென்னிஸ் கொத்தனார். மழைக்காலத்தில் அவனுக்கு வேலை இருக்காது. அவள் சும்மா இருந்தால் குடும்பம் ஓடாது.

"அடுத்த எடத்துல மொதல்ல பாத்ரூம் இருக்குதான்னுதான் கேக்கப் போறேன்" என்றாள்.

டென்னிஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "சம்பளம் இன்னான்னு கேப்பாங்க. லீவு உண்டான்னு கேப்பாங்க. நீ போனதும் கக்கூஸ் எங்கன்னா கேப்பே? சிரிக்கப் போறானுங்க."

"சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு கெடந்தது நானுதான?"

அவள் கேட்டாள். செல்போன் கடைக்காரர், "எதிர் ஓட்டல்ல கேட்டா விடுவாங்க, சில நேரம்" என்றார். கட்டில் பீரோ விற்கும் கடையில் இருந்தவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வேலை கேட்டு வந்தியா, வாடகைக்கு வூடு கேட்டு வந்தியா?" பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். மெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். முகம் எரிந்தது. அடுத்த கடையில் இதைக் கேட்கவே வேண்டாம் என்று தோன்றியது.

அடுத்த கடை பூமாலை என்பவருடையது. சொட்டுநீர்க் குழாய், மோட்டார், வால்வு எல்லாம் விற்கிற கடை. பூமாலை திருநாவலூர்ப் பக்கத்து விவசாயி. இன்னும் காலையில் வயலுக்குப் போய்விட்டுத்தான் கடை திறப்பார். பில் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல பில்லு போடுவியா?"

"போடுவேங்க."

"எப்பலேந்து வர்ற?"

வாய் வரைக்கும் 'நாளைக்கே' என்று வந்தது. மெர்லின் அதை விழுங்கினாள்.

"அண்ணா, பாத்ரூம் எங்க இருக்குது?"

அவசரம் என்று நினைத்து பூமாலை உடனே எழுந்தார். குழாய்க் கட்டுகளுக்கு நடுவே அவளைக் கடையின் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு தகரக் கதவை இழுத்தார். உள்ளே கம்பிச்சுருள் கருகிய மோட்டார்களும் இறுகிப்போன சிமெண்டு மூட்டைகளும் கூரை வரைக்கும் அடைந்து கிடந்தன. கதவைப் பிடித்தபடியே நின்றார்.

"நான் எதிர் லாட்ஜுக்குப் போயிடுவேன். பசங்க எங்கனா போயிக்குவானுங்க. பொம்பளையாளு யாரும் இங்க வேலைக்கு இருந்ததில்ல." அவள் பக்கம் திரும்பினார். "இப்ப அவசரமா?"

"இல்லீங்க. வேலைக்கு வந்தா தெனமும் வேணும்."

பூமாலை தாடையைச் சொறிந்துகொண்டார். "இருக்குதுன்னு சொன்னா பொய்யி. சரி பண்றேன், பண்ணிட்டுக் கூப்புடறேன். சம்பளம் மத்த கடைய விடக் கம்மிதான். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"சரி பண்ண ஆளு வேணும்னா சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரு கொத்தனாருதான்" என்றாள் மெர்லின்.

டென்னிஸ் இதைக் கேட்டுவிட்டு, "கூப்புடறேன்னு சொன்னவன் எவன் கூப்ட்டுருக்கான்?" என்றான். ஆனால் அந்த வாரமே போன் வந்தது. பூமாலை டென்னிஸையும் சாமான்களோடு வரச் சொன்னார்.

அவர்கள் போனபோது அந்த அறை காலியாக இருந்தது. டென்னிஸ் அளந்து பார்த்தான். "தாப்பா எங்க வெக்கறதுங்க? தண்ணிக் கொழாய் எந்தப் பக்கம்?"

"என்னை ஏன் கேக்கற? அவங்கள கேளு" என்றபடி பூமாலை கல்லாவுக்குப் போய்விட்டார்.

டென்னிஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான். "இன்னா வேணும், சொல்லு."

"உள்பக்கம் கெட்டியா ஒரு தாப்பா. பை மாட்ட ஒரு ஆணி. ஒரு மூடி வச்ச கூடை."

அவன் சுவரில் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டான். சிரிக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு பார்த்தால், பூமாலை சாந்தமான முதலாளி இல்லை. பில்லில் குழாய் அளவு மாறினால் கடை அதிரக் கத்துவார். கொஞ்ச நேரத்தில் அவரே டீ சொல்லி, அவள் மேசையிலும் ஒன்றை வைக்கச் சொல்வார். மெர்லின் தாகம் எடுத்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தாள். முதுகுவலி வருகிறதா என்று அடிக்கடி தடவிப் பார்க்கும் பழக்கம் மெல்ல விட்டுப்போனது.

ஒரு நாள் மத்தியானம் சீருடையாக மெரூன் சேலை கட்டிய பெண்ணொருத்தி வாசலில் தயங்கி நின்றாள். சாலைக்கு எதிர்ப்புறமிருந்த மூன்று மாடி ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற செவ்வந்தி.

"அக்கா, ஒரு நிமிசம் உங்க பாத்ரூம் போயிக்கட்டுமா?"

"உங்க கடையில இல்லியா?"

"இருக்குதுக்கா. ஏசி எல்லாம் போட்டு வச்சிருக்காங்க. கஸ்டமருக்கு மட்டுந்தான்."

மெர்லின் முதலாளியைப் பார்த்தாள். அவர் வால்வுப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் செவ்வந்திக்கு வழியைக் காட்டினாள்.

மறுநாள் செவ்வந்தி இன்னொருத்தியோடு வந்தாள். பிறகு நீலக் கோட்டுப் போட்ட மருந்துக்கடைப் பெண், வளையல் கடைப் பெண். அந்த வாரக் கடைசியில் குழாயில் காற்றுதான் வந்தது. மெர்லின் பூமாலையின் முன்னால் போய் நின்றாள். இந்த வேலையும் போகலாம் என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"அண்ணா, தொட்டியில தண்ணி தீந்துபோச்சு. நான்தான் பக்கத்துக் கடைப் பொண்ணுங்கள வுட்டேன்."

பூமாலை நிமிர்ந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு சாலைக்கு அப்பால், கண்ணாடி பளபளத்த ஜவுளிக்கடையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக்கு இன்னா? மோட்டாரு போடு, ரொம்பட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணத் தொடங்கினார்.

மெர்லின் ஸ்விட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமி, தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கறுப்புக் குழாய்க் கட்டுகளுக்கு நடுவே மெரூன் சேலைகளும் நீலக் கோட்டுகளுமாகப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைகளைத் திருப்பிப் போட்டு, தங்கள் முதலாளிகள் காதுக்குப் போய்விடுமோ என்று கடைப் பெயர் தெரியாமல் கையால் மூடிக்கொண்டிருந்தார்கள்.