கம்பியில் கட்டிய ஆப்பிள்கள்

தலைவர் சிரித்ததை நான் கண்ணால் பார்த்தேனா, பிறர் சொல்லிக் கேட்டேனா என்பது இப்போது எனக்கே நிச்சயமில்லை. அவர் பற்கள்கூட நினைவில் இருக்கின்றன. அதனால்தான் சந்தேகம்.

தலைநகர் புகாரெஸ்டிலிருந்து அவர் எங்கள் கூட்டுப்பண்ணையைப் பார்க்க வந்த வருடம் ஆப்பிள் பூவெல்லாம் பனியில் கருகியிருந்தது. கட்சிக்காரர்கள் வெளியூர் ஆப்பிள்களை லாரியில் கொண்டுவந்தார்கள். அவற்றைக் கிளைகளில் கம்பியால் கட்டியவர் அப்பா நெகிஃபோர். தலைவர் ஒன்றைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுநாள் அப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பக்கத்து வீட்டு ஸம்ஃபிர் மாமாதான் ஊரெல்லாம் சொன்னார்: "தலைவர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. இப்படிக் கட்டத் தெரிஞ்சவன் என் தோட்டத்துல இருக்கணும்னு கூட்டிட்டுப் போயிட்டாரு." கதை வளர்ந்துகொண்டே போனது. அப்பாவின் மரங்கள் பனிக்காலத்திலும் காய்த்தன. தலைவர் அவரோடு மட்டுமே பிளம் சாராயம் குடித்தார்.

இறந்தவர்களுக்காகக் கோதுமையை வேகவைத்து, தேன் கலந்து ஊருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அம்மா அக்லயா அப்பாவுக்காக ஒருமுறையும் வேகவைக்கவில்லை. உயிரோடிருப்பவருக்குச் செய்தால் நாமே கொன்றதாகிவிடும்.

தலைவரைச் சுட்டுவிட்டதாக ஒரு டிசம்பரில் டிவியில் காட்டினார்கள்.

"இனிமே அங்க என்ன வேலை? வந்துடுவாரு," என்றாள் அம்மா. அடுத்த ஆப்பிள் பருவம்வரை வாசற்கதவைத் தாழிடவில்லை. பிறகு ஒருநாள் கோதுமையை ஊறப்போட்டாள்.

அந்தச் சாப்பாட்டில் ஸம்ஃபிர் மாமா அப்பாவுக்காகக் கொஞ்சம் சாராயத்தைத் தரையில் ஊற்றிவிட்டு, "அன்னைக்குத் தலைவர் விழுந்து விழுந்து..." என்று ஆரம்பித்தார்.

அண்ணன் த்ராயன் மேசையில் அடித்தான். "போதும் மாமா! சிரிக்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அப்பாவ அடிச்சே கொன்னிருப்பானுங்க. எங்கம்மாவ இத்தனை வருஷமா ஏமாத்துனீங்களே!"

மாமாவின் கை கிளாஸோடு அப்படியே நின்றது.

"கத்தாதடா," என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதா? ஒரு தடவை கார் கறுப்பும்பான், மறுதடவை வெள்ளைம்பான். ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் துப்பில்லாத குடிகாரன்." மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி கோதுமை வைத்தாள். "நீ சொல்லு ஸம்ஃபிர். ஆனா இன்னைக்கு, கடைசியில அவரு சாகணும்."

மாமா சொன்னார். பூத்திருந்த மரத்தடியில், தூக்கத்திலேயே, வலியில்லாமல் அப்பா இறந்தார். த்ராயனும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸம்ஃபிர் மாமா அடுத்த குளிர்காலத்தில் ஈரல் கெட்டு இறந்தார். த்ராயன் இத்தாலியில் கொத்துவேலை செய்கிறான். அம்மாவை, அப்பாவின் பெயர் மட்டும் இருக்கும் கல்லறைக் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தோம். நான் ஊரிலேயே இருக்கிறேன். அப்பா என்ன ஆனார் என்று தெரியவில்லை.