வேப்பிலை கட்டிய பானை

அன்பரசன் எழுந்து நின்றான். ஒரு அடி வைத்தான். இரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை, ஆளே கீழே வந்துவிட்டான். பொங்கல் தட்டு உருண்டுபோய்க் கல்லடுப்பில் மோதியது.

நிவேதா கரண்டியும் கையுமாக விழுந்த கணவனைப் பார்த்தாள். மாலை நான்கு மணி. புதூர்நாட்டுக்கு மேலே, அவள் அண்ணன் தீர்த்தகிரியின் கொல்லையை ஒட்டிய ஓடைக்கரை. திருப்பத்தூரிலிருந்து காரில் வந்து, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, குடும்பமாகச் சமைத்துச் சாப்பிடுவது என்று ஒரு மாதமாகப் போட்ட திட்டம். பாக்கெட் தின்பண்டம் ஒன்றுகூட வரக்கூடாது என்று உத்தரவு போட்டவள் அவள்தான். எள்ளுருண்டை, வரகு மாவு உருண்டை, சுடச்சுட வரகுப் பொங்கல்.

விழுந்தவன் சிரித்தான். நாக்கு குழறியது. தலை கிர்ரென்று சுற்றுகிறதாம்.

அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். ஆறு மாதம் முன்புவரை வாரத்துக்கு நான்கு நாள் பார்த்த சிரிப்பு. இனி ஒரு சொட்டு குடித்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொன்ன பிறகுதான் நின்றது. அண்ணனும் அவனும் விறகு பொறுக்கப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்தது இப்போது ஞாபகம் வந்தது.

"எங்கண்ணன் கையால வாங்கிக் குடிச்சியா?" மரியாதை போய்விட்டது.

அவன் மறுத்தான். மகள் பூஜா மேல் சத்தியம் என்றான். வாயை ஊதிக் காட்டக்கூட முயன்றான். குடிக்கிறவன் எல்லாம் இதைத்தான் சொல்கிறான், புதிதாக ஏதாவது யோசி என்றாள். பூஜாவின் துணிப்பையை எடுத்து, துணிகளை மடித்துத் திணிக்க ஆரம்பித்தாள். இன்றைக்கு அவன் மட்டும்தான் திருப்பத்தூர் போவான்.

"அம்மா, பாறைலாம் ஆடுது."

பூஜாவுக்கு ஆறு வயது. கை நடுங்கியது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. பாதி கடித்த வரகு உருண்டை மடியில் கிடந்தது.

நிவேதா பையைப் போட்டுவிட்டு ஓடினாள். ஆறு வயதுக் குழந்தைக்கு யார் ஊற்றிக் கொடுப்பார்கள்? அவளும் அண்ணனும்தான் இன்னும் சாப்பிடவில்லை.

அவள் போட்ட சத்தத்தில், தண்ணீர் எடுக்கப் போன தீர்த்தகிரி குடத்தோடு ஓடி வந்தான். குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தான். சட்டியை முகர்ந்தான்.

"இன்னா வரகு இது? எங்க வாங்குன?"

வாங்கவில்லை. போன மாதம் வந்தபோது அண்ணன் வீட்டிலிருந்தே எடுத்தது. வீட்டில் யாரும் இல்லை. பிறந்த வீட்டில் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்? ஐந்து பானைகளில் ஒன்றின் கழுத்தில் மட்டும் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. பூச்சி அண்டாமல் பத்திரப்படுத்திய நல்ல தானியம் என்று அதிலேயே நான்கு படி அள்ளி, திருப்பத்தூர் மில்லில் தீட்டி வைத்திருந்தாள்.

தீர்த்தகிரி தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அது அறுப்புல மழைல நனைஞ்ச வரகு. பூஞ்சை புடிச்சது. தின்னா மாடுகூட வுழுந்துடும். வெதைக்குன்னு தனியா வெச்சேன். யாரும் தொடக் கூடாதுன்னுதான் வேப்பிலை கட்றது. இந்த மலையில பொறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

தெரியாது. ஐந்தாம் வகுப்போடு ஹாஸ்டலுக்குப் போனவள்.

பூஜா வாந்தி எடுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கூப்பிட்டும் திறக்கவில்லை.

போனில் டவர் இல்லை. அன்பரசன் தவழ்ந்துபோய்க் கார் கதவைப் பிடித்தான். கீழே போகிற வழியெல்லாம் வளைவு. நிவேதா சாவியைப் பிடுங்கினாள். அவளுக்கோ ஓட்டத் தெரியாது. தீர்த்தகிரி ரோட்டுக்கு ஓடி, பலாப்பழம் ஏற்றி வந்த ஜீப்பை மறித்து, பழத்தையெல்லாம் ஓரமாக இறக்க வைத்தான். முணுமுணுத்த டிரைவர் குழந்தையைப் பார்த்ததும் தானே இறங்கி இரண்டு இரண்டாகத் தூக்கிப் போட்டார்.

இருபது நிமிடத்தில் புதூர்நாட்டு ஆஸ்பத்திரி. குளுக்கோஸ் ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து பூஜா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். உயிருக்குப் பயமில்லை, விடியும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. பிறகு பெஞ்சில் சரிந்து கிடந்த அன்பரசனைப் பார்த்தார்.

"இவர் குடிச்சிருக்காரா?"

வராண்டாவில் இருந்த தலையெல்லாம் திரும்பியது. அன்பரசன் நிவேதாவையே பார்த்தான்.

"இல்லீங்க மேடம்," என்றாள். "நான் ஆக்கிப் போட்டதத்தான் தின்னாரு. வேற ஒண்ணும் இல்ல."

அவனுக்கும் ஒரு ஊசி போட்டார்கள். நிவேதா பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தொட்டாள். அவன் விரல் அசையவில்லை.

"கொழந்த மேல சத்தியம் பண்ணேன்," என்றான், கண்ணை மூடியபடி. "அப்பவும் நீ பையத்தான் எடுத்த."