கிட்டங்கி இல்லாத கடை

கடையை மூடுகிறவனுக்கு இப்போதெல்லாம் முகம் காட்டக்கூட மனசில்லை என்று கன்னையன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டீக்கடையில் சொன்னார், ரேஷன் வரிசையில் சொன்னார், கேட்க ஆளில்லாதபோது வாசலில் கட்டிக் கிடந்த ஆட்டிடம் சொன்னார். வியாபாரம் நொடித்துப்போவது யாருக்கும் நடக்கிறதுதான். நொடித்தவன் வாசலில் வந்து நின்று, இன்ன மாதிரி ஆகிப்போச்சு, உங்க சாமானை எடுத்துக்கோங்க என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? வாங்கு வாங்கு என்று அடிக்கொருதரம் மணியடித்துக் கூப்பிடத் தெரிந்தவனுக்கு, போகும்போது மட்டும் வாய் எங்கே போனது?

அவர் போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காவல் பார்த்தவர். மலைத் தோட்டக்காரர்கள் காயை உலர்த்தி, நிறம் போகாமலிருக்கப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி, அதைச் சாக்கில் வைத்துத் தைத்து, மேலே அவரவர் மார்க்கைப் போட்டு அனுப்புவார்கள். விலை ஏறும் வரைக்கும் மூட்டை கிட்டங்கியில் கிடக்கும். கிடக்கிற இடம் முதலாளியுடையது, மூட்டை தோட்டக்காரருடையது. இதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. முதலாளி கையைச் சுட்டுக்கொண்டு கிட்டங்கியை மூடியபோது மலை முழுக்க ஆள் விட்டுச் சொன்னார். ஜீப்பு ஜீப்பாக வந்து, மார்க்கைப் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர் உடம்பு முடியாமல் கிடந்ததால் வரவில்லை. அவருடைய மூட்டையைக் கன்னையனே ஏற்றிக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இறக்கி, தையலைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தார். கடை மூடுவது என்றால் அவருக்குத் தெரிந்தது அது.

இந்தக் கடை போனுக்குள் இருந்தது.

அவர் சம்சாரம் பெரியம்மாள், கல்யாணமான நாளிலிருந்து மலைக்குப் போய்க் காய் எடுத்தவள். விடியுமுன் தெருவில் ஜீப்பு ஆரன் அடிக்கும். தூக்குவாளியோடு ஓடிப்போய், பின்பக்கம் மற்றப் பொம்பளைகளோடு நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு தாண்டி இறங்குவாள். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி இடுப்பு எலும்பு போனது. உள்ளே தகடு வைத்தார்கள். வீட்டுக்குள் நடக்கிறாள், சரிவில் நிற்க முடியாது. ஆனால் ஜீப்பு நின்றுவிடவில்லை. ஆரன் சத்தம் கேட்டதும் கட்டிலில் எழுந்து உட்காருவாள். ஜீப்பு போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அப்படித் திரும்பிவிட்டால் மத்தியானம் வரைக்கும் பேச்சிருக்காது, சோறு இறங்காது. பக்கத்தில் உட்கார்ந்து கன்னையன் ஏதாவது சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது என்று அவருக்குப் பிடிபடவேயில்லை.

மகள் முத்துப்பிரியா தேனியில் நர்ஸ். ஹாஸ்டலில் தங்கி ஞாயிற்றுக்கிழமை வருகிறவள். அவள்தான் முறம் அகலத்துக்கு ஒரு பெரிய போனைக் கொண்டுவந்து, அதற்குள் இருக்கிற ஏதோ ஒரு கடையில் காசு கட்டி, ஜீப்பு ஓட்டுகிற விளையாட்டை வாங்கிக் கொடுத்தாள். எந்த நாட்டு மலையோ, மரமெல்லாம் ஊசி ஊசியாக, உச்சியில் வெள்ளையாகப் பனி. பெரியம்மாளுக்கு அது போடிமெட்டு ரோடுதான். காலமெல்லாம் ஜீப்பின் பின்னால் முழங்காலை மடக்கிக்கொண்டு போனவள் இப்போது முன்சீட்டில் இருந்தாள். எதிரே வருகிற லாரிக்காரனை, கண்ணென்ன பொடனியிலயா இருக்கு என்று ஏசினாள். தெருவில் ஆரன் அடித்தால் பதிலுக்கு இவளும் போனில் அடித்தாள். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கன்னையன் வெளியே சொல்லிக்கொண்டார். ஆனால் காலையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பாததைக் கவனித்துத்தான் வைத்திருந்தார்.

அந்தக் கடையைத்தான் மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். முத்துப்பிரியா போனில் வந்திருந்ததைப் படித்துவிட்டுச் சொன்னாள். வாங்கியவர்கள் அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிறகு கேட்டால் கிடைக்காது. இந்தப் போனில் ஏற்கெனவே இறக்கியிருப்பது அப்படியே இருக்கும். ஆனால் இந்தப் போனின் முதுகு வீங்கியிருந்தது. உள்ளே பேட்டரி உப்பிக்கொண்டு வருகிறது, ரொம்ப நாள் தாங்காது, வேறு போன் வாங்கி அதில் இறக்கிவிடுகிறேன், நாலைந்து நாளில் முடிந்துவிடும், கவலைப்படாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் பஸ்சுக்குப் போனாள்.

கன்னையனுக்கு மனசு ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வைத்திருந்த ராஜ்கமலிடம் போய், அந்தக் கடைக்காரனுடைய கிட்டங்கி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

“கிட்டங்கியெல்லாம் கெடையாது பெரியப்பா. எங்கயோ ஒரு கம்ப்யூட்டர்ல கெடக்கு.”

“எங்கயோன்னா? மதுரையா, மெட்ராஸா?”

“வெளிநாடா இருக்கும்.”

“அப்ப எங்க சாமான் அங்கிட்டுக் கெடக்கு.”

“உங்க சாமான் இல்ல பெரியப்பா. நீங்க காசு குடுத்தது வெளையாடுறதுக்கு. சாமான் எப்பவும் அவுகளோடதுதான்.”

இது என்ன நியாயம் என்று கன்னையன் யோசித்தார். மலைமேல் தோட்டத்திலும் இப்படி ஒன்று உண்டுதான். ஏலச்செடி தோட்டக்காரனுடையது, அதற்கு நிழல் கொடுக்கிற மரம் சர்க்காருடையது, வெட்டினால் கேசு. ஆனால் சர்க்கார் எந்தக் காலத்திலும் மரத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு, நன்றாயிருங்கள் என்று கிளம்பிப் போனதில்லை. போனில் நெட் இருந்தால் அவன் உள்ளே புகுந்து எடுத்துவிடுவானா என்று கேட்டார். ராஜ்கமல் வேறொருவருக்குச் சிம் போட்டுக்கொண்டிருந்தான். நெட் இருந்தா யார் வேணாலும் வரலாம் பெரியப்பா என்று தலையைத் தூக்காமல் சொன்னான்.

அது போதும். கிட்டங்கி மூடுகிற நேரத்தில்தான் திருட்டு அதிகம் என்பது கன்னையனுக்குத் தெரியும். அந்தக் குழப்பத்தில்தான் நல்ல காயை உருவிக்கொண்டு சொத்தைக் காயைத் திணிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் போனை அணைத்துக் கொடுக்கச் சொன்னார். பெரியம்மாள் அப்போதுதான் ஜீப்பை ஒரு ஏற்றத்தில் பாதியில் நிறுத்தியிருந்தாள். மாசக் கடைசி வரைக்கும் நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். சாமான் வேணுமா வேணாமா என்று இவர் கேட்டார். அவள் போனை அணைத்துக் கொடுத்தாள். காய் கட்டுகிற பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி வாயை இறுக்கி முடிந்தார். அதன்மேல் சாக்கைச் சுற்றிக் கோணி ஊசியால் நெருக்கித் தைத்தார். வாங்கியவள் மகள் என்பதால் அவள் பேரின் முதலெழுத்தை மார்க்காகப் போட்டுப் பரணில் ஏற்றினார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி இருந்தது.

முத்துப்பிரியா தேனியிலிருந்து அவருடைய பட்டன் போனில் கூப்பிட்டாள். வேறு போன் வாங்கிவிட்டாளாம். அம்மாவின் போனில் இருக்கிற சிம்முக்கு ஒரு நம்பர் வரும், அதைப் பார்த்துச் சொன்னால்தான் இங்கே இறங்கும், வெரசாச் சொல்லுங்கள் என்றாள். போனை மூட்டை கட்டியாகிவிட்டது என்று இவர் சொன்னார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், உடனே பிரியுங்கள் என்றாள்.

“ஒடையவ நேர்ல நிக்காம தைச்ச மூட்டையப் பிரிக்கப்பிடாது தாயி. நீ வா.”

“அப்பா, நாளையோட மூடுறான். எனக்கு டூட்டி, லீவு தர மாட்டேங்கிறாக. நான்தான சொல்றேன், பிரிங்க.”

மகள் குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒடையவன் சொல்லிவிட்டான் என்று எவனோ கொண்டுவந்த பேச்சை நம்பி மூட்டையைப் பிரித்த ஆளைக் கிட்டங்கியிலிருந்து அன்றைக்கே வெளியேற்றினார்கள். அதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். போதாததற்குப் போனில் நம்பர் கேட்டால் யாருக்கும் சொல்லாதீர்கள் என்று பேங்கு வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. கட்டிலிலிருந்து பெரியம்மாள், பிரிச்சுத் தொலைங்களேன், அவதான கேக்குறா என்றாள். அவளால் பரணுக்கு ஏற முடியாது. கன்னையன் சோலி இருக்கிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவள் காலில் செருப்போடு அப்படியே நின்றாள். கன்னையன் மூட்டையை இறக்கி அவள் முன்னால் வைத்து, தையலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொடவில்லை. பிரிங்கப்பா என்று மட்டும் சொன்னாள். அவர் பிரித்துக்கொண்டிருக்கும்போதே, கொண்டுவந்த போனில் அந்தக் கடையை அழுத்திக் காட்டினாள். வெள்ளையாக ஒரு பக்கம் வந்தது, நடுவில் ஒரே ஒரு வரி.

“என்னன்னு போட்டிருக்கு?”

“இத்தன நாள் எங்களோட இருந்ததுக்கு நன்றின்னு போட்டிருக்கு.”

பழைய போன் இன்னும் மோசமாயிருந்தது. அவர் இறுக்கிக் கட்டியதாலோ என்னவோ, கண்ணாடி ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. முத்துப்பிரியா பயந்துகொண்டே பொத்தானை அமுக்கினாள். திரை எரிந்தது. விளையாட்டைத் திறந்ததும், விட்ட ஏற்றத்திலேயே ஜீப்பு உறுமிக்கொண்டு நின்றது. கன்னையனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அவனால் எடுக்க முடிந்ததா பார், இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்.

இருக்கிறதுதான் என்றாள் மகள். ஆனால் இதற்கு இனி சார்ஜ் போடக்கூடாது, போட்டால் தீப்பிடித்தாலும் பிடிக்கும். இந்தப் போனிலிருந்து அந்தப் போனுக்கு மாற்றவும் முடியாது. கடை இருந்தபோதுதான் மாற்ற முடியும். மிச்சம் இருக்கிற சார்ஜ் ஓடுகிற மட்டும் ஓடும், அவ்வளவுதான். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவரும் பதிலுக்குப் போட்டிருக்கலாம்.

பெரியம்மாள் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஓட்டுவாள் என்று இருவரும் பார்த்தார்கள். அவள் ஒரு விரலைக்கூட வைக்கவில்லை. நிற்கிற ஜீப்பையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அவளாகவே அணைத்தாள்.

“ஓட்டுனா தீந்துரும்ல” என்றாள்.

மறுநாள் விடியுமுன் ஆரன் அடித்தது. கன்னையன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கட்டில் கிரீச்சிட்டது. அவள் எழுந்து உட்காருகிறாள். ஜீப்பு சத்தம் தேய்ந்து போனதும் கட்டில் மறுபடி கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்காமலே அவள் எந்தப் பக்கம் படுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

ராஜ்கமல் கடை திறக்கிற நேரத்துக்கு ஆட்டோவைக் கூப்பிட்டார். நானும் வர்றேன் என்று பெரியம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். கடைக்கு ஏறப் படி இருந்ததால் அவள் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ராஜ்கமல் மெல்லிய தகட்டை விட்டு நெம்பி முதுகைத் திறந்தான். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது. இதற்கு இப்போது பேட்டரி வருவதில்லை, மதுரையில் சொல்லிப் பார்க்கிறேன், கிடைத்தாலும் மாற்றும்போது போன் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றான். அது கிடக்கட்டும், இதற்குள் ஜீப்பு எந்த இடத்தில் இருக்கிறது, அதைக் காட்டு என்று கன்னையன் கேட்டார். அவன் ஊசி முனையால் கறுப்பாக ஒரு சின்னச் சதுரத்தைக் காட்டினான். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுக்குள்ளயா இருக்கு?”

“இதுக்குள்ளதான்.”

“அப்ப எடுத்து மக வாங்குன போன்ல வச்சு விடு.”

“வச்சாலும் அங்க தொறக்காது பெரியப்பா. பூட்டியிருக்கு.”

“சாவி?”

“கடைக்காரன்கிட்ட.”

“அவன்தான் போயிட்டானே.”

“ஆமா” என்றான் ராஜ்கமல்.

கன்னையன் அவனை மனசுக்குள் எடைபோட்டார். இவன் பொய் சொல்கிற ஆளில்லை. ஆனால் கூலி குறைவான வேலை என்று தட்டிக் கழிக்கிற ஆளாக இருக்கலாம். மதுரைக்குச் சொல்லு, கெடைச்சா போடு, கெடைக்காட்டி மூடி அப்படியே குடு என்றார். ரசீது தருகிறேன் என்றவனிடம், உன் ரசீது எதற்கு, அவனும்தான் ரசீது கொடுத்திருப்பான் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆட்டோவிலிருந்து பெரியம்மாள் என்னவாம் என்று தலையை நீட்டினாள்.

“இருக்குங்கிறான். வராதுங்கிறான்.”

“அப்ப இருக்கா இல்லையா?”

கன்னையன் ஆட்டோக்காரன் பக்கம் திரும்பினார். வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிடப்பா என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். நீங்க ஏறலையா என்று அவள் கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். பத்தடி போவதற்குள் ஆட்டோ அவரைத் தாண்டியது. பெரியம்மாள் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் வண்டி திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவள் உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்தது.

கன்னையன் நின்று பார்த்தார். பிறகு ஆட்டோ போன பக்கம் போகாமல், வெயிலில் வேறு பக்கமாகத் திரும்பி, அடுத்தவன் சாமானப் பூட்டிட்டு எவனாவது சாவிய எடுத்துக்கிட்டா போவான் என்று யாரிடமோ கேட்டபடி நடந்தார்.