திரும்பி வந்த நெய்

கடையின் பின்வாசலில் சாயங்கால வரிசை நின்றது. குடோன் பெண்கள் கையில் தூக்குவாளியும் தோளில் பையுமாக ஒருத்தி பின்னால் ஒருத்தி நின்றார்கள். செக்யூரிட்டி சர்புன்னிசா ஒவ்வொரு பையையும் மேசைமேல் கவிழ்த்தாள். தூக்குவாளியைத் திறந்து மோந்து பார்த்தாள். அப்புறம் இடுப்பு, முந்தி, ஜாக்கெட் ஓரம் என்று தடவினாள். மேசைக்கு இன்னும் ரெண்டு ஆள் இருக்கும்போதே மாயம்மாளுக்குக் கைகள் தாமாகப் பக்கவாட்டில் தூக்கிக்கொள்ளும். வருசக்கணக்கான பழக்கம்.

"இன்னைக்கு என்னக்கா வெஞ்சனம்?" என்றாள் சர்புன்னிசா, வாளியை மூடிக்கொண்டே.

"நீதான மோந்து பாத்த, நீயே சொல்லு" என்றாள் மாயம்மாள்.

சர்புன்னிசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் மேனேஜர் படியில் இறங்கி வந்து, "யாரும் போகாதீங்க. குடோன் ஆளுக அம்புட்டுப் பேரும் மேல வாங்க" என்றார்.

திண்டுக்கல்லில் கல்யாணச் சரக்கு என்றால் அந்தக் கடைதான். வேன் வைத்து அள்ளிக்கொண்டு போவார்கள். விருந்து முடிந்து பிரிக்காத நெய் டின்னோ முந்திரிப் பாக்கெட்டோ மிஞ்சினால், திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். அதற்காகவே பழனி, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். தை மாசம் கணக்குக்குப் புது சாப்ட்வேர் வாங்கிப் போட்டிருந்தார் முதலாளி. வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்து அன்றைக்குத்தான் சரக்கு எண்ணினார்கள்.

மேலே ஏசி அறையில் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பெண்கள் பக்கம் திருப்பி வைத்தார். அவர்களுக்கு அதில் என்ன தெரியும்? பச்சையும் சிவப்புமாகக் கட்டம் தெரிந்தது.

"கம்ப்யூட்டர்ல இருக்கு, குடோன்ல இல்ல. நெய்யும் முந்திரியும் ஒரு வேன் நெறைய கொறையுது. நடந்தா போச்சு?"

சிவனம்மாளுக்கு எப்போதும் வாய் துடுக்கு. "ஒரு ஊசியக் கொண்டு போனாக்கூட சர்புன்னிசா விட மாட்டாளே சார். ஒரு வேன் நெய்ய எதுல கொண்டு போவோம்? தூக்குவாளிலயா?"

"அதத்தான் நானும் கேக்குறேன். எதுல கொண்டு போனீங்க?"

கம்ப்யூட்டரில் பில் போடுகிற பானுப்ரியா மூலையில் நின்றாள். "சார், ரிட்டன் வந்த சரக்கோட என்ட்ரிய ஒரு தடவ பாத்துட்டா…" என்று இழுத்தாள்.

"நீ சும்மா இரும்மா. பெரிய பெரிய கடையெல்லாம் இதத்தான் வச்சிருக்கான். கம்ப்யூட்டர் எதுக்குப் பொய் சொல்லப் போகுது? அதுக்கென்ன வயிறா இருக்கு?"

முதலாளி அதுவரை பேசவில்லை. சாந்தமான மனுசர் என்று பெயர். "போலீஸெல்லாம் எதுக்குய்யா? அவங்கவங்க சாமி மேல சத்தியம் பண்ணட்டும். பண்ணுனவங்க நாளைக்கு வேலைக்கு வரட்டும்" என்றார்.

கோட்டை மாரியம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் கொளுத்தினார்கள். என்ன சொல்ல வேண்டுமென்று மேனேஜரே சொல்லிக் கொடுத்தார். 'இந்தக் கடையிலருந்து நான் ஒரு பொருளும் எடுத்ததில்ல.' டெய்சி கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தாள். சிவனம்மாள் விறுவிறுவென்று போய், சொல்லி முடிக்கும் முன்பே உள்ளங்கையால் அடித்துக் கற்பூரத்தை அணைத்தாள்.

அடுத்தது மாயம்மாள். போன தீபாவளிக்கு முந்தி எலி கடித்த முந்திரிப் பாக்கெட் ஒன்று குடோனில் கிடந்தது. குப்பையில் போடச் சொன்னதே இந்த மேனேஜர்தான். மாயம்மாளும் சிவனம்மாளும் எலி வாய் வைத்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மீதியைப் பங்கு போட்டார்கள். ஆளுக்கொரு கைப்பிடி தேறியது. காகிதத்தில் பொதிந்து கொண்டைக்குள் வைத்துப் பின்வாசலைத் தாண்டினார்கள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்கள். மகன் முகேஷ்குமார் பாயசத்தில் முந்திரியைத் தேடித் தேடித் தின்றான்.

அந்தச் சிவனம்மாள்தான் இப்போது கையில் ஒட்டிய கரியைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றாள். மாயம்மாள் பக்கம் திரும்பவே இல்லை.

புதுக் கற்பூரம் எரிந்தது. மாயம்மாள் மாசிக்கு மாசி பூக்குழி இறங்குகிறவள். காலில் ஒரு கொப்புளம் வந்ததில்லை. அந்த மாரியம்மனிடமே பொய் சொல்லிவிட்டு அடுத்த மாசிக்கு எந்தக் காலை வைத்து இறங்குவது?

"நெய்ய எடுக்கலன்னு அணைக்கிறேன் சார். நீங்க சொல்ற முந்திரிய எடுக்கலன்னும் அணைக்கிறேன்."

"நான் சொன்ன மாதிரி சொல்லு."

"அப்படிச் சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்?"

"எலி கடிச்சு நீங்க குப்பைல போடச் சொன்னதுல ஒரு கைப்பிடி…"

அவளை முடிக்க விடவில்லை. மேனேஜர் முதலாளி பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! "மாட்டுச்சு பாத்தீங்களா?" கற்பூரம் யாரும் தொடாமல் தானாக எரிந்து அடங்கியது.

மற்ற பெண்களைக் கீழே அனுப்பினார்கள். சிவனம்மாளை மட்டும் நிறுத்திவைத்தார்கள். மேனேஜர் ஒரு தாளில் எழுதி மாயம்மாள் முன்னால் வைத்தார். நெய்யும் முந்திரியும் கொஞ்சம் கொஞ்சமாக அவளே கடத்தியதாக அதில் இருந்தது.

"இதுல நெய்யுன்னு போட்டிருக்கு. நான் நெய்யத் தொடவே இல்லயே."

"ஒன்ன எடுத்தவ இன்னொன்ன எடுக்க மாட்டாளா? கையெழுத்தப் போட்டா வீட்டுக்குப் போகலாம். இல்லாட்டி ஸ்டேஷன். ஒம் மகன் போலீசுக்கு செலக்ட் ஆயிருக்கான்ல? அவனப் பத்தி விசாரிக்க ஊருக்கு இன்னும் ஆள் வரலேல்ல?"

அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. மாயம்மாள் சாமி படத்தைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள். அவர் போனைத் தடவிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்தைச் சிவனம்மாள் போட்டாள். படியிறங்கும்போது, "எனக்கும் பிள்ளைக இருக்குக்கா" என்றாள். எனக்கு மட்டும் இல்லையாடி, பாவி! மாயம்மாள் மனசுக்குள் வைதுகொண்டே நடந்தாள்.

அவளுக்கு முன்பே சங்கதி சொந்த ஊர் அகரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முகேஷ்குமார் வாசலிலேயே நின்றான்.

"எடுத்தியாம்மா?"

"ஏலே, நீயுமா கேக்குற? இல்லப்பு."

"எடுக்கலேன்னா எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அதைக் காலமெல்லாம் சுமப்பான் என்று விழுங்கிக்கொண்டாள். விசாரிக்க வந்தவர்கள் கடைச் சங்கதி ஒன்றும் கேட்காமல் போனார்கள். அவனும் டிரெயினிங்குக்குக் கிளம்பினான். போகும்போது "போறேன்" என்றான். "போயிட்டு வாரேன்" என்று சொல்லவில்லை. கடை வேலை போனதால் மாயம்மாள் கூலிக்கு மல்லிகைப் பூப் பறிக்கப் போனாள். ஒரு நாள் டவுன் பஸ்ஸில் இடமிருக்கிறதே என்று உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த ஊர்க்காரி மடியிலிருந்த பையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள். அப்புறம் மாயம்மாள் இடமிருந்தாலும் நின்றுகொண்டே போனாள்.

ஆவணி முகூர்த்தம் முடிந்ததும் பானுப்ரியா போன் பண்ணினாள்.

"யக்கா, மறுபடி நெய் கொறஞ்சுதுக்கா. இந்தத் தடவ நீங்கதான் இல்லயே! சாப்ட்வேர்க்காரன் வந்து பாத்தான். ரிட்டன் வர்ற ஒவ்வொரு டின்னும் கணக்குல ரெண்டு டின்னா ஏறியிருக்கு. நெய் எங்கயும் போகலக்கா. இருந்தாத்தான போறதுக்கு!"

மாயம்மாள் பூந்தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து செத்த நேரம் அழுதாள். மறுநாள் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். மத்தியானத்திலிருந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவைத்து, சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள்.

"ஆமா மாயம்மா, சாப்ட்வேர்ல ஒரு சின்ன மிஸ்டேக்கு. சரி பண்ணியாச்சு" என்றார் மேனேஜர்.

"எம் பேர யாரு சார் சரி பண்ணுவா? அந்தத் தாளக் கொடுங்க, கிழிச்சுப் போடுறேன். எம் மகனுக்கு ஒரு போனப் போட்டு, எங்கம்மா களவாங்கலன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"அது எப்படி? கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுச்சு, ஒத்துக்கிறேன். எடுத்தேன்னு எழுதிக் கொடுத்தது கம்ப்யூட்டரா? எடுக்கலேன்னா எதுக்குக் கையெழுத்துப் போட்ட?"

மகன் கேட்டதையே இவரும் கேட்டார். போடச் சொன்ன வாயே கேட்கிறது! மாயம்மாள் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"போதும்யா. பாவம், வெறுங்கையோட அனுப்பாத" என்றார் முதலாளி. ஒரு துணிப்பை வந்தது. உள்ளே ஒரு நெய் டின்னும் முந்திரிப் பாக்கெட்டும் இருந்தன. "வச்சுக்கம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காத." வேண்டாம் என்று அவள் சொல்வதற்குள் மேனேஜர் பையை அவள் கையில் திணித்துக் கதவைத் திறந்துவிட்டார்.

கால் பழக்கத்தில் பின்வாசலுக்கே போனது. வரிசை நின்றது. சிவனம்மாள் அதில் தலையைக் குனிந்து நின்றாள். சர்புன்னிசா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! பானு சொன்னா. எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா, அல்லா சாட்சியா!" சொல்லும்போதே அவள் கண் பையில் விழுந்தது. அப்புறம் மேலே கேமராவுக்குப் போய் வந்தது. குரல் தணிந்தது.

"பில் இருக்காக்கா?"

"மொதலாளி கொடுத்தாரு."

"கொடுத்திருப்பாருக்கா. பில் இல்லாம வெளிய விட்டா எம் பொழப்பு போயிரும்."

அவள் மேலே போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வரிசையில் யாரோ பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தார்கள். சர்புன்னிசா மாயம்மாளின் முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கி மேசைமேல் கவிழ்த்தாள். நெய் டின் உருண்டு ஓரத்தில் நின்றது.

மாயம்மாள் அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய கைகள் ரெண்டும் பக்கவாட்டில் தூக்கியபடி இருந்தன.