உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இதழியல் வகுப்பில் அன்று பலகை நிரம்பி வழிந்தது. இறுதியாண்டுக்காரர்கள் ஆளுக்கொரு சமூகப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் தெருவில் அலைந்து, கட்டுரையாக எழுத வேண்டும். செல்ஃபோன் மோகம் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மன அழுத்தத்துக்கு அதைவிடக் கூட்டம். தெருநாய்க்கு ஒருத்தன். 'இளைஞர்களும் காபிக் கடைகளும்' என்று எழுதியவனுக்கு ஆசை கட்டுரை மேலா காபி மேலா என்பது அவனுக்கே வெளிச்சம். எல்லாம் போன வாரம் ஃபோனில் ஓடிய சங்கதிகள். பக்கத்து வீடு பற்றி எரிந்தாலும் ஃபோனில் வந்தால்தான் இதுகளுக்கு மூக்கில் புகை ஏறும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் வம்பு.

வம்பு என்பது வகுப்பு வைத்த பெயர். எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறவள் என்பதால். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வீடு என்றால் ஒற்றை அறை, அதில் அக்காவும் அவளும். அக்கா பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு கடைத் தெருவில் இருக்கும் நாலு மாடித் துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அக்கா அங்கே நின்றதால்தான் இவள் இங்கே உட்கார்ந்து படிக்கிறாள்.

அந்தக் கடையில் வேலை செய்யும் பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் கூடாது. இதுதான் வம்புவின் தலைப்பு.

பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினாள். மேடம் கேட்டார்: "உனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

மேடம் ஒரு நாளிதழில் மற்றவர்கள் எழுதியதை வெட்டிச் சுருக்கியே தலை நரைத்தவர். தலைப்பு எழுதிய ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக் கூடாது என்பது துறையின் சட்டம். உறவு என்று தெரிந்தால் தலைப்பு போயிற்று.

"ஒண்ணும் இல்ல மேடம். துணி எடுக்கப் போறப்ப பார்த்தேன்."

"என்ன பார்த்த? பார்த்த மாதிரி சொல்லு."

பார்த்த மாதிரி சொல் என்றால் வம்புவுக்குக் கேட்கவா வேண்டும். "ரெண்டாவது மாடி, குழந்தைங்க துணிப் பிரிவு. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் முழங்காலை டிராயர்ல முட்டுக் கொடுத்துட்டு நிப்பாங்க மேடம். அதுதான் அவங்க ரெஸ்ட். ஒருத்தங்களுக்கு வலது கால் மட்டும் வீங்கும். படுக்கறப்ப தலையணை மேல தூக்கி வெச்சாத்தான் காலையில செருப்பே போட முடியும்."

மேடம் தலையை ஆட்டி, எழுதிக்கொள் என்றார். கடைசி பெஞ்சில் ஒருத்தன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இளநரையும் அறிவுரை சொல்லும் வாயும் இருந்ததால் எல்லோருக்கும் அவன் சித்தப்பா. பலகையில் அவன் பெயருக்கு நேரே மட்டும் தலைப்பு இல்லை. மேடம் கேட்டதற்கு, "இன்னும் தேடிட்டு இருக்கேன் மேடம்" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்ததும் வராததுமாகக் கதவைத் தாழ் போட்டாள். கைப்பையைக்கூடக் கழற்றவில்லை.

"உன் காலேஜ்ல என்னைப் பத்தி என்னடி பேசின?"

"ஏன்? என்ன ஆச்சு?"

"ரெண்டாவது மாடிப் பொண்ணுங்களை ஒவ்வொருத்தியா ரூமுக்குக் கூப்பிட்டான் சூப்பர்வைசர். உங்க வீட்ல யாராவது பத்திரிகைப் படிப்பு படிக்கறாங்களான்னு கேட்டான். யாரோ ஃபோன் பண்ணினாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அக்கா கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வம்புவைப் பார்க்கவில்லை.

"போன வருஷம் ஒருத்தி வெளியில ஏதோ பேசிட்டா. மறுநாள் அவ கவுண்ட்டர்ல வேற ஒருத்தி நிக்கறா. இப்ப என்கூட சேர்ந்து சாப்பிடறவளுக்கு உன்னைத் தெரியும். அவ வாயைத் திறந்தா என் கதை முடிஞ்சுது. இந்த வேலை போச்சுன்னா நீ பரீட்சைகூட எழுத முடியாது, ஞாபகம் வெச்சுக்கோ."

அதன் பிறகு வம்புவுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மறுநாள் வகுப்பில் மேடம் சிரித்தார், எதற்குச் சிரிக்கிறார்? துறை விழாவுக்கு மேடை அலங்காரத் துணி அந்தக் கடையிலிருந்துதானே வந்தது? முன் பெஞ்சுத் தோழி, "முகம் ஏன்டி இப்படி இருக்கு?" என்று கேட்டாள். இவளுக்கு என்ன திடீர் அக்கறை? வகுப்பில் சொன்னது வகுப்பைத் தாண்டி ஒரே நாளில் கடைக்குப் போயிருக்கிறது என்றால், கொண்டுபோன கால் இந்த அறைக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு முகமாக மேய்ந்துகொண்டே போய்க் கடைசி பெஞ்சில் நின்றாள். சித்தப்பா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்.

வகுப்பு முடிந்ததும் மாடிப்படித் திருப்பத்தில் அவனை மறித்தாள்.

"கடைக்கு ஃபோன் பண்ணது நீதானே?"

மழுப்புவான் என்று எதிர்பார்த்தாள். அவனோ பரிசு வாங்கப் போகிறவன் போல நின்றான். "ஆமா. எப்படிக் கண்டுபிடிச்ச?"

"எதுக்குடா பண்ண?"

"என் தலைப்பே அதான் வம்பு. பத்திரிகை மாணவர்கள் பிரச்சினையை எப்படித் தேர்ந்தெடுக்கறாங்க? யாரு மனசாரப் பேசறா, யாரு சும்மா பேசறா, யாரு மறைக்கறா? முன்னாடியே சொன்னா எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சிடுவீங்க. அதான் பலகையில போடல."

"நான் என்னத்தை மறைச்சேன்?"

"துணி எடுக்கப் போனேன்னு சொன்ன. துணி எடுக்கப் போற யாருக்குத் தெரியும், அவங்க படுக்கறப்ப காலைத் தலையணை மேல வெப்பாங்கன்னு? ஒரே வீட்ல படுக்கறவங்களுக்குத்தான் தெரியும்." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆனா அது என் ஊகம்தானே. உறுதிப்படுத்தாம எழுதக் கூடாதுன்னு மேடம் தலைபாடா அடிச்சுக்கறாங்க. அதான் கடையிலயே கேட்டேன். உங்க ரெண்டாவது மாடியில யாரோட தங்கச்சியாவது எங்க கோர்ஸ் படிக்கறாங்களான்னு. உன் பேரைச் சொல்லல. சத்தியமா சொல்லல."

வம்பு கையை ஓங்கிவிட்டாள். மேலிருந்து யாரோ இறங்கி வரும் சத்தம் கேட்டு இறக்கினாள்.

"பேரைச் சொல்லலையா? காட்டிக் கொடுக்கறதுல பேரை மட்டும் மிச்சம் வெச்சியா? எங்க அக்கா தனக்குத் தங்கச்சியே இல்லன்னு சொல்லிட்டு வந்து நிக்கறா. தெரியுமா உனக்கு?"

சித்தப்பாவின் முகம் தொங்கிப் போயிற்று. அப்போதுதான் அந்த ஊகத்துக்கு ஒரு ஆளும், அந்த ஆளுக்கு ஒரு காலும் இருப்பது அவனுக்கு உறைத்தது போலிருந்தது. நடிக்கிறானோ என்று வம்பு உற்றுப் பார்த்தாள். தெரியவில்லை.

"நான் தப்பா கேட்டுட்டேன்னு கடைக்குத் திருப்பி ஃபோன் பண்ணட்டுமா?"

"பண்ணு. இப்பதான் நிஜமாவே ஏதோ இருக்குன்னு முடிவு பண்ணுவான்." படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஒரு கடையை மட்டும் கேட்டா அது விரல் நீட்டறது. தெரு முழுக்கக் கேட்டா அது சர்வே. ஃபோனை எடு."

"எல்லாக் கடைக்குமா?"

"செருப்புக் கடை, பாத்திரக் கடை, மருந்துக் கடை, ஒண்ணு விடாம. அதே கேள்வி. ஸ்பீக்கர்ல போடு. உன்னை நான் நம்பல."

அந்தப் படியிலேயே உட்கார்ந்து வரிசையாக அழைத்தார்கள். "கல்லூரியிலிருந்து பேசறோம் சார், ஒரு சின்ன சர்வே" என்று சித்தப்பா தேன் ஒழுகப் பேசினான். ஒரு கடைக்காரர் லோன் வேண்டாம் என்று வைத்துவிட்டார். பாத்திரக் கடைக்காரர் தன் பையனுக்கு இந்தப் படிப்பில் இடம் கிடைக்குமா என்று விசாரித்தார். செருப்புக் கடைக்காரர், "எதுக்குத் தம்பி இதெல்லாம்?" என்று மூன்று விதமாகக் கேட்டார். கடைசியாக அக்காவின் கடை.

"எல்லாக் கடையிலயும் கேக்கறோம் சார். உங்ககிட்டதான் முதல்ல கேட்டோம். நீங்க இன்னும் பதில் சொல்லல."

"அட, அதுதானா!" சூப்பர்வைசரின் சிரிப்பு படிக்கட்டில் எதிரொலித்தது. "நான் என்னமோ ஏதோன்னு நெனச்சுட்டேன். அப்படி யாரும் இல்லப்பா இங்க. எழுதிக்கோ."

ஃபோன் அணைந்தது. சித்தப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "எல்லாக் கடையிலயும் கேட்டாச்சு. அப்ப இது பொய் இல்ல, இல்லையா?" வம்பு அவன் ஃபோனைப் பிடுங்கி, பேசியது எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மேடத்திடம் போய், "அது என் அக்கா மேடம், நான் பொய் சொன்னேன்" என்று தலைப்பைத் திருப்பிக் கொடுத்தாள். சித்தப்பாவும் தன்னுடையதைக் கைவிட்டுவிட்டு, தெருநாய்க்காரனோடு சேர்ந்துகொண்டதாகச் சொன்னான். நம்புவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த வாரக் கடைசியில், வேலைக்குக் கிளம்பும் முன் அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

"ஏதோ சர்வேயாம்டி. சூப்பர்வைசரே சொல்லிச் சிரிக்கறான். நான் ஒருத்தி, இத்தனை நாளா செத்துப் பொழைச்சேன்." துணியை இழுத்து இறுக்கினாள். "பாவம் அந்தச் செருப்புக் கடைப் பொண்ணுதான். அவ தம்பி உங்க காலேஜாம். ஏதோ கம்ப்யூட்டர் படிக்கறான். ஃபோன் வந்ததும் முதலாளி கேட்டிருக்கார், அவ உள்ளதைச் சொல்லிட்டா. கடையைப் பத்தி உன் தம்பி என்ன எழுதறான்னு கேட்டு வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. என்னை மாதிரி பொய் சொல்லத் தெரியல அவளுக்கு."

வம்பு வாரிக்கொண்டிருந்த சீப்பு தலையிலேயே நின்றது.

"அவ வீடு எங்கக்கா?"

அக்காவின் கை நின்றது. "எதுக்கு?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்கற ஆளா? தங்கச்சியா கேக்கறியா, பத்திரிகைக்காரியா கேக்கறியா?"

எதையும் போட்டு உடைக்கிறவளுக்கு அன்று நாக்கு எழ நேரமாயிற்று. "எல்லாக் கடைக்கும் ஃபோன் போட வெச்சது நான்தான்கா. உன்னைக் காப்பாத்த."

அக்கா அவளையே பார்த்தாள். ஊக்கை எடுத்துக் கட்டுத்துணியில் குத்தினாள். எழுந்து செருப்பை மாட்டினாள்.

"அவ வீடு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

"அக்கா, நான் அவகிட்ட மன்னிப்பு..."

"நீ அங்க போய் நின்னா அவளுக்கு மறுபடி ஒரு ஃபோன் வரும். நானே போய்ப் பார்த்துக்கறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வம்பு ஜன்னலுக்கு வந்தாள். அக்கா வலது காலை லேசாக இழுத்தபடி தெருவில் நடந்தாள். கடைத் தெருவுக்குப் போகும் வழியில் திரும்பவில்லை, எதிர்ப்பக்கம் போனாள். முனைக்குப் போனதும் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள், வம்பு பின்னால் வருகிறாளா என்று.