பாதிரியார் திர்க்கெல்லின் உதாரண வாக்கியங்கள்

1874 மே எட்டாம் தேதி, காலைக் கஞ்சி நேரத்தில், லிங்கன்ஷயரின் ஸ்வேல்பி ஊரில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் உடம்பிலிருந்த முடியெல்லாம் உதிர்ந்தது. புருவம், இமை, மீசை எதுவும் மிஞ்சவில்லை. கஞ்சியில் விழுந்தது, வெண்ணெயில் ஒட்டியது, கசாப்புக்கடையில் தொங்கிய பன்றிக் கொழுப்பில் அப்பிக்கொண்டது. பாதிரியார் ஆம்ப்ரோஸ் திர்க்கெல்லின் மனைவி ஹெஸ்டர் தன் வீட்டில் மட்டும் இரண்டு வாளி அள்ளிக் கொட்டினாள். ஒரு வாரத்துக்கு எதை வாயில் வைத்தாலும் நாக்கில் ஒரு முடி சுருண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், தோலுரித்த விலாங்கு மாதிரிப் பளபளத்த அத்தனை முகங்களையும் ஒருசேரப் பார்த்தபோது அவள் ஜெபப் புத்தகத்தைத் தூக்கித் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

காரணம் ஊருக்கே தெரியும். பாதிரியார் பதினோரு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சீட்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல், அதன் பொருள், அது பிறந்த லத்தீன் சொல், கடைசியில் அவரே இட்டுக்கட்டிய ஓர் உதாரண வாக்கியம். ஆறு எழுத்துகள் ஒரு தொந்தரவும் இல்லாமல் முடிந்தன. ஏழாவதான ஜி எழுத்தின் நடுவில் வாக்கியங்கள் பலிக்கத் தொடங்கின. அன்று காலை அவர் எழுதிய சொல் ‘கிளேப்ரஸ்’. லத்தீனில் கிளேபர் என்றால் முடியற்றது, வழவழப்பானது. ‘இவ்வூரார் அனைவரும் கிளேப்ரஸ்’ என்பது உதாரணம்.

“அம்மா, அவரோட பேனாவை எங்கயாவது ஒளிச்சு வையுங்க,” என்றான் ஹெஸ்டரிடம் கசாப்புக்காரன் ஜேபஸ் கவுப். “மீசை போனாப் போகுது. முடி மொளைச்ச கொழுப்பை எவன் வாங்குவான்?”

பாதிரியாருக்கோ ஒரே பூரிப்பு. சூப்பிலிருந்து ஒரு முடியை எடுத்துச் சப்பித் துடைத்து, சாட்சியாகச் சீட்டில் ஒட்டிவைத்தார். “மகிழ்ச்சிக்கு நாம சொல்ற ‘கிளாட்’கூட இந்தக் கிளேபருக்குத் தூரத்துச் சொந்தம், ஹெஸ்டர்!”

“யாருக்கு மகிழ்ச்சியாம்?” என்றாள் அவள்.

அடுத்த சீட்டு ‘கிளேசியல்’. கிளேசியஸ் என்றால் பனிக்கட்டி. மறுவாரம் சாப்பாட்டு மேசையிலேயே, சீட்டில் எழுதுமுன், அவர் உதாரணத்தைச் சொல்லிக் காட்டினார். “‘தொட்டிலில் குழந்தை கிளேசியலாய்க் கிடந்தது.’ எப்படி?”

பக்கத்துத் தொட்டிலில் ஐந்து மாதக் குழந்தை ரோசாமண்ட், இமையில்லாத கண்களில் நீர் வடியத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, தொட்டில் இருக்கிறது நம்ம வீட்லதானே?”

“அது வெறும் உதாரணம்.”

“போன உதாரணத்தை நான் வாளியில அள்ளினேன்.”

“தற்செயல்.”

“முந்நூறு பேருக்குமா? வேற ஏதாவது எழுதுங்க. குளம், மலை, எதையாவது.”

“ஓசையைக் கேளேன். இதைவிட நல்லதா அமையவே அமையாது,” என்று அவர் மைக்கூட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

அவர் உதட்டோரத்தில் சூப்பின் கொழுப்பு மினுங்கியது. புருவமற்ற அந்த முகத்தைப் போல அருவருப்பான எதையும் ஹெஸ்டர் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. இந்த மனிதனோடு ஒரே கட்டிலில் படுத்தோமே என்று உடம்பு கூசியது. பேனாவையும் சீட்டையும் பிடுங்கி, ‘பாதிரியார் திர்க்கெல்லின் வலது கை கிளேசியல்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

மை காய்வதற்குள் அவர் கை மணிக்கட்டுவரை பனிக்கட்டியானது. உள்ளே நரம்புகள் நீலமாகத் தெரிந்தன. சொட்டிய நீரில் லேசான மீன் வாடை அடித்தது. எவ்வளவு சொட்டியும் கை குறையவில்லை. அவர் அழுதார், அவளைத் திட்டினார், பேராயருக்குக் கடிதம் எழுத நினைத்தார். பேனா பிடிக்க முடியவில்லை. அதன்பின் சொல்லையும் பொருளையும் அவர் சொல்ல, உதாரணங்களை ஹெஸ்டர் எழுதினாள். ‘வானம் வெளுப்பாக இருக்கிறது’ என்பதுபோல யாருக்கும் கெடுதல் இல்லாதவை. ஜேபஸ் கவுப் வெயில் நாட்களில் ஈரலைக் கூடையில் கொண்டுவந்து, கெடாமலிருக்கப் பாதிரியாரின் கைக்கடியில் வைத்துவிட்டுப் போவான். அவரும் மறுக்கவில்லை.

ஜூலையில் ரோசாமண்டுக்குப் பல் முளைத்தது. ஈறு தினவெடுத்து அவள் வீறிடும்போதெல்லாம், ஹெஸ்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிப்போய் அவர் மடியில் வைப்பாள். அது அப்பாவின் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் வைத்துச் சப்பி, அழுகையை நிறுத்தும்.